கச்சான் காத்துக்கு ப்ரோ ஸ்டாஃப் 85: சின்னத் தலை றக்கெட் எடுக்கலாமா?

திருகோணமலையில பின்னேரத்தில சும்மா டெனிஸ் டபுள்ஸ் அடிக்கிற ஆளுக்கு இது தேவையில்லாத ஆசைதான், எண்டாலும் எனக்குப் பிடிச்சுப்போச்சு.

கொழும்பில ஒருத்தரிட்ட செகண்ட் ஹேண்டா எடுத்த வில்சன் ப்ரோ ஸ்டாஃப். தலை, அதாவது ஸ்ட்ரிங் போட்ட பக்கம், 85 சதுர அங்குலம். இப்ப கடையில கனக்க விக்கிறது 98, 100தான், பக்கத்தில வச்சா என்ன இது பட்மின்டன் மட்டையா எண்டு கேக்கிறாங்கள். தூக்கிப் பாத்தாத்தான் தெரியும், ஸ்ட்ரிங்கோட 350 கிராமுக்கு மேல. கிராஃபைட்டும் கெவ்லாரும் பின்னின ஃபிரேம், தடிப்பு 17 மில்லிமீற்றர்தான், பாரம் பிடிப்பக்கம் கூட இருக்கிறபடியா வலையடியில நிண்டு, பந்து நிலத்தில விழ முதல் வொலி அடிக்கேக்க கனமே தெரியாது. அமெரிக்க டெனிஸ் வீரர் பீட் சாம்ப்ராஸ் 1990ல இருந்து 2002 வரைக்கும் 14 கிராண்ட் ஸ்லாமும் எடுத்தது இந்த மொடலாலதான்.

மேற்கால வாற கச்சான் காத்து எழும்பினாப் பிறகுதான் இதின்ட அருமை. மற்றவங்கள் முன்பக்கமாச் சுழலவிட்டு, டாப்ஸ்பின் போட்டுத் தூக்கிற பந்தைக் காத்து கடல்பக்கம் தள்ளிக்கொண்டு போகும், இது அப்பிடியில்ல, மெல்லிய ஃபிரேம் காத்தை வெட்டிக்கொண்டு வரும், பாரத்துக்கு மட்டையும் ஆடாது, பந்தைக் கீழால சீவி அடிக்கிற பேக்ஹேண்ட் ஸ்லைஸ் ஒண்டு வடிவா விழுந்துதெண்டா பந்து நிலத்தோட வழுக்கிக்கொண்டு போகும், எதிர்ல நிக்கிறவர் குனிஞ்சே களைச்சுப்போவார்.

ஆனா பந்து மட்டையின்ட நடுவில படாமத் தவறினா மன்னிப்பே இல்ல. ஓடி எட்டி அடிக்கிற பந்து பாதியில விழும், சேர்வ் ரிட்டேர்ன் எனக்கு இன்னும் கரைச்சல்தான். சிங்கிள்ஸ் எண்டா ரெண்டாவது செட்டிலயே தோள் கதைக்கத் தொடங்கீடும். பெடரரே 90 அங்குலத் தலையை விட்டிட்டு 2014ல 97க்கு மாறினவர், நாங்க ஆர்!

ஸ்ட்ரிங் விசயத்தில சாம்ப்ராஸைப் பாத்து நேச்சுரல் கட் எண்டுற மாட்டுக்குடல் ஸ்ட்ரிங்கை இறுக்கிப் போட வெளிக்கிடாதீங்கோ, அது ஈரம் தாங்காத சாமான், எங்கட கடல்காத்துக்குக் காசு கரைஞ்ச மாதிரித்தான். பொலியெஸ்டரும் வேண்டாம், முழங்கை நோகும். கனக்க மெல்லிய இழை சேர்ந்த மல்டிஃபிலமென்ட் ஸ்ட்ரிங்கை 50 றாத்தல் இறுக்கத்தில போட்டா நல்ல மெதுவா இருக்கு. நான் கொழும்புக்குப் போற ஆக்களிட்டக் குடுத்துத்தான் போடுவிக்கிறன்.

எடுக்கிறதெண்டா ரெண்டாவது றக்கெட்டா எடுங்கோ. கரீபியன் தீவு செயின்ட் வின்சென்ட்டில செய்ததெண்டு கூட விலை சொல்லுவினம், அது சேத்து வைக்கிற ஆக்களுக்கு, அடிக்கிறதுக்கு எந்த நாட்டுதும் காணும். காசு குடுக்க முதல் தலைப்பக்க பிளாஸ்டிக் கார்டுக்குக் கீழ வெடிப்பு இருக்கோ எண்டு பாருங்கோ.