பில் போடும் முன்பே கணக்கு: மூன்றரை வருட மளிகை நோட்டு அனுபவம்

மதுரை அண்ணா நகர்ப் பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்காரர், நான், அத்தை, பள்ளிக்கூடம் போகும் மகள் என்று நான்கு பேர். அவருடைய சம்பளத்திலும் என் தையல் வருமானத்திலும்தான் மாதம் ஓடுகிறது. 2022 ஜூனில் மகளுக்கு ஃபீஸ் கட்டப் பணம் போதாமல் என் வளையலை அடகு வைத்தோம். அன்று ராத்திரி அவர், "மளிகை, காய், பால் எல்லாம் சேர்த்து எட்டாயிரம்தானே ஆகும், மிச்சம் எங்கே போகுது?" என்று கேட்டார். குறை சொல்லிக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. மறுநாள் மகளின் பழைய நோட்டில் மீதியிருந்த பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். இப்போது எட்டாவது நோட்டு ஓடுகிறது.

முதல் மூன்று மாதம் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கடைக்குப் போவது, வாங்குவது, வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்து எழுதுவது. ஜூன் 10,860 ரூபாய். ஜூலை 10,940. ஆகஸ்ட் 11,200. எட்டாயிரம் என்று நாங்கள் நினைத்திருந்தது எவ்வளவு தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் எழுதியதால் செலவு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. நான் பேனாவை எடுக்கும்போது சாமான் எல்லாம் டப்பாவுக்குள் போயிருக்கும். போன பணத்தை எழுதி வைக்கலாம், திரும்ப வாங்க முடியாது.

நடுவில் ஒரு செலவுக் கணக்கு ஆப்பையும் இரண்டு மாதம் வைத்திருந்தேன். பேங்க் மெசேஜைப் படித்துத் தானே கணக்குப் போடும் என்றார்கள். போட்டது உண்மைதான். ஆனால் "கடை, 640 ரூபாய்" என்பதோடு நின்றுவிடும். அந்த 640-ல் பருப்பு எவ்வளவு, பிஸ்கட் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. சந்தையில் ரொக்கமாகக் கொடுப்பது அதன் கண்ணிலேயே படாது. மகள் கூகுள் ஷீட்டில் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தாள். மாதக் கடைசியில் கூட்டுத்தொகை பார்க்க அது நன்றாக இருக்கிறது, இன்றும் வைத்திருக்கிறோம். கடைக்குள் ஒரு கையில் கூடையோடு நிற்கும்போது அதைத் திறந்து எழுத எனக்கு வரவில்லை.

செப்டம்பரில்தான் முறையை மாற்றினேன். கூடைக்குள் சாமான் விழும்போதே கணக்கும் ஏறிவிட வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பலன் கொடுத்தது இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டிலேயே ஒரு துண்டுச் சீட்டில் வாங்க வேண்டியதை எழுதி, தலையில் அன்றைய வரம்பைப் போட்டு வட்டமிடுவேன். கடையில் ஒவ்வொரு பொருளையும் எடுத்தவுடன் அதன் விலையை அடுத்த பத்துக்கு ஏற்றிக் கூட்டுவேன். துவரம் பருப்பு 148 என்றால் 150. உளுந்து 136 என்றால் 140. எண்ணெய் இரண்டு லிட்டர் 310, அது அப்படியே. கடலைப் பருப்பு அரை கிலோ 52, அதை 60 என்று வைப்பேன். புளி 84, அது 90. என் கணக்கில் 750, உண்மையில் 730. ஐந்து சாமானிலேயே இருபது ரூபாய் கையில் நிற்கிறது. இருபது சாமான் வாங்கினால் எண்பது தொண்ணூறு நிற்கும். சில்லறையோடு கூட்டினால் மூன்றாவது சாமானிலேயே தப்பு வருகிறது. பத்து பத்தாகக் கூட்டுவதற்கு மனசே போதும். அப்புறம், பில் எப்போதும் நான் நினைத்ததைவிடக் கம்மியாகத்தான் வரும். அந்த நிம்மதி பெரிய விஷயம்.

ஆரம்பத்தில் போன் கால்குலேட்டரில் கூட்டினேன். பாதியில் யாராவது கூப்பிட்டால் தொகை போய்விடும், திரும்ப முதலிலிருந்து கூடையைக் கிளற வேண்டும். இப்போது ஐந்து சாமானுக்கு ஒருமுறை சீட்டின் பின்பக்கம் பென்சிலால் தொகையை எழுதிவிடுகிறேன். வரம்பைத் தொட இருநூறு ரூபாய் இருக்கும்போது நின்று சீட்டைப் பார்ப்பேன். மீதி என்ன இருக்கிறது, எது இந்த வாரம் இல்லாமல் முடியும்? சேமியாவோ அப்பளமோ திரும்ப அலமாரிக்குப் போகும். பில் போடும் இடத்தில் நின்றுகொண்டு "இதை எடுத்துடுங்க" என்று சொல்லும்போது முகம் சுருங்குமே, அது இந்த மூன்றரை வருடத்தில் எனக்கு ஒருமுறைகூட நேரவில்லை.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பலனும் உண்டு. ஒருநாள் என் சீட்டில் 1,270, பில்லில் 1,412. பத்துக்கு ஏற்றிக் கூட்டுகிற எனக்கு பில் கூடுதலாக வரவே கூடாது. அங்கேயே நின்று வரிவரியாகப் பார்த்தேன். டிடர்ஜென்ட் பாக்கெட் ஒன்று இரண்டு தடவை ஏறியிருந்தது. சொன்னவுடன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், சண்டை ஒன்றுமில்லை. அலமாரியில் தள்ளுபடி விலை ஒட்டிவிட்டு பில்லில் முழு விலை விழுவதையும் இரண்டு மூன்று தடவை பிடித்திருக்கிறேன். கையில் ஒரு தொகை இல்லாமல் நின்றிருந்தால் இதெல்லாம் என் கண்ணில் பட்டிருக்காது.

அண்ணாச்சி கடையில் முறை வேறு. அங்கே நாம் எடுப்பதில்லை, அவர் நிறுத்துத் தருவார். அதனால் முதலிலேயே, "அண்ணாச்சி, இன்னைக்கு 800-க்குள்ள முடிங்க" என்று சொல்லிவிடுவேன். அவரே கூட்டிக்கொண்டு வந்து, "740 ஆச்சும்மா, மல்லி கால் கிலோ போதுமா?" என்பார். மிளகு, சீரகம், கசகசா போன்ற விலை கூடிய சாமான்களை நான் அங்கேதான் ஐம்பது, நூறு கிராமாக வாங்குகிறேன். தேவையான அளவு மட்டும் பணம் போகிறது.

நோட்டின் கடைசிப் பக்கம் விலைப் பக்கம். நாங்கள் மாதாமாதம் வாங்கும் 22 சாமானின் பெயரை எழுதி, எதிரே கடைசியாகக் கொடுத்த விலையும் அளவும். அளவை எழுதாமல் விலையை மட்டும் எழுதினால் ஏமாந்துபோவோம். எண்ணெயில்தான் அதைக் கற்றுக்கொண்டேன். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் 910 கிராம். பக்கத்திலேயே அதே உயரத்தில், அதே மாதிரி ஒரு பாக்கெட் 132 ரூபாய்க்கு இருந்தது. லிட்டர் பாக்கெட் 155. இருபத்து மூன்று ரூபாய் லாபம் என்று கை போய்விட்டது. திருப்பிப் பார்த்தால் அது 750 கிராம். நூறு கிராமுக்குக் கணக்குப் போட்டால் பெரியது 17 ரூபாய், சின்னது 17 ரூபாய் 60 காசு. லிட்டருக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பேன். இப்போதெல்லாம் எம்.ஆர்.பி. பக்கத்தில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு இவ்வளவு என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டாவது அதைப் பாருங்கள். பெரிய பாக்கெட்தான் எப்போதும் மலிவு என்பதும் சரியில்லை. டீத்தூளில் இரண்டு தடவை சின்னதுதான் மலிவாக இருந்தது.

விலைப் பக்கத்தைப் புரட்டினால் ஊர் நடப்பும் தெரிகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது, அந்த மாதம் ரசத்துக்குப் புளி மட்டும்தான். செப்டம்பரில் அதே தக்காளி இருபது ரூபாய்க்குள் வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் இறக்குமதி எண்ணெய்க்கு வரியைக் கூட்டினார்கள், அடுத்த வாங்கலிலேயே சூரியகாந்தி எண்ணெய் ஏறியிருந்தது. 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பழைய விலை நோட்டில் இருந்ததால், குறைந்ததா இல்லையா என்று நானே சரிபார்த்துக்கொள்ள முடிந்தது.

காய்க்கு நான் போவது அண்ணா நகர் உழவர் சந்தை. 1999-ல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய உழவர் சந்தை அதுதான். உள்ளே போனதும் அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் என்ன குழம்பு என்று முடிவு செய்வேன். வாரத்துக்கு ஐந்நூறு ரூபாயை ரொக்கமாகச் சுருக்குப் பையில் எடுத்துப் போகிறேன், போனை வீட்டிலேயே வைத்துவிடுவேன். பை காலியானால் வாங்கல் முடிந்தது. பில் கிடையாது என்பதால் எந்தக் காய் எவ்வளவு என்று நான் எழுதுவதில்லை. முதல் வருடம் எழுதிப் பார்த்தேன், சலித்துப்போய் மொத்த நோட்டையே விட்டுவிடும் நிலைமைக்கு வந்துவிட்டது.

ரேஷனுக்குத் தனி வரி. துவரம் பருப்பு ஒரு கிலோ 30, பாமாயில் ஒரு லிட்டர் 25, இரண்டும் சேர்த்து 55 ரூபாய். கடையில் பருப்பு மட்டுமே 148 கொடுக்கிற இடத்தில் இது சின்ன உதவி இல்லை. முன்பெல்லாம் பருப்பு எப்போது வரும் என்று தெரியாமல் முதல் வாரமே கடையில் வாங்கிவிடுவேன், பிறகு ரேஷனிலும் வாங்குவேன், பருப்பில் வண்டு விழும். இப்போது ரேஷன் வாங்கிய தேதியை எழுதிவிட்டுத்தான் கடைச் சீட்டில் பருப்பு ஏறும்.

கடைசிவரை பிடிபடாமல் இருந்தது சில்லறை ஓட்டைதான். பால் வாங்கப் போனவர் பாலோடு பன்னும் வாங்கி வருவார், மகள் இருபது ரூபாய்க்கு ஏதாவது வாங்குவாள், எல்லாம் ஜிபேயில். ஆவின் பச்சைப் பாக்கெட் அரை லிட்டர் 22 ரூபாய், நாளுக்கு இரண்டு என்றால் மாதம் 1,320 ஆக வேண்டும். எங்களுக்கு 2,000-க்கு மேல் போய்க்கொண்டிருந்தது. யாரையும் திட்டவில்லை. பாலுக்கு மட்டும் ஒரு டப்பாவில் மாதப் பணத்தைப் போட்டு வைத்தேன், பன் வாங்கினால் அதிலேயே எடுக்க வேண்டும். இருபத்தைந்தாம் தேதி டப்பா காலியாவதைக் கண்ணால் பார்த்ததும் இரண்டு பேரும் தாங்களாகவே குறைத்துக்கொண்டார்கள்.

2022-ல் 8,500 என்று வரம்பு வைத்தோம். செலவு அதற்குள் இறங்க ஜனவரி ஆகிவிட்டது. இப்போது விலைவாசிக்கு 9,500 ஆக்கியிருக்கிறோம். தீபாவளி மாதமும் பொங்கல் மாதமும் இன்றைக்கும் மீறுகின்றன. அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் ஆடியிலிருந்தே மாதம் முந்நூறு எடுத்து வைக்கிறேன், இந்தத் தீபாவளிக்கு அது போதவில்லை. விருந்தாள் வந்தால் சீட்டை மடித்து வைத்துவிடுவேன், சோற்றில் கணக்குப் பார்க்க அத்தை விடமாட்டார்கள், எனக்கும் மனசு வராது. வளையலை 2023 மார்ச்சிலேயே மீட்டுவிட்டோம்.

இந்த மாதம் முதல் மகளும் கூட வருகிறாள். அவள் கூட்டுகிறாள், நான் எடுக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அவள் கணக்கு 1,180, பில் 1,104.