பாய்லர் புகையில் ஆக்சிஜன்: சிர்கோனியாவா, லேசரா?

மலேசியாவின் புக்கிட் ரோத்தானை அடுத்த எங்கள் செம்பனை ஆலையில், பாய்லர் புகைப்பாதையில் ஆக்சிஜனை அளந்துகொண்டிருந்த சிர்கோனியா (ஒருவகைப் பீங்கான்) உணரியைக் கழற்றிவிட்டு டையோடு லேசர் கருவியைப் பொருத்தியிருக்கிறோம். என் சாய்வு லேசர் பக்கம்தான்.

விலையிலும் பொருத்தும் எளிமையிலும் சிர்கோனியாவே முந்தும். ஆனால் ஏறத்தாழ 700 பாகை செல்சியசில் இயங்கும் அதன் செல் (ஆக்சிஜனை உணரும் பகுதி), தான் நிற்கும் ஒரே இடத்தின் ஆக்சிஜனைத்தான் அறியும். எரிபொருளாகப் போடும் செம்பனை நார் ஈரமாக விழும்போது கிளம்பும் கார்பன் மோனாக்சைடு அந்தச் சூட்டில் செல்லின்மீதே எரிந்து ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால், அளவும் குறைவாகத் தெரியும். லேசரோ சுவருக்குச் சுவர் பாய்ந்து, 760 நானோமீட்டர் அருகே ஆக்சிஜன் விழுங்கும் ஒளியைக் கொண்டு பாதை முழுவதற்குமான சராசரியைத் தருகிறது. எரிதல் ஓரிரு மில்லிவினாடிகளில் முடிந்துவிடும் ஸ்கிராம்ஜெட் (ஒலியைவிடப் பன்மடங்கு வேகத்தில் பறப்பதற்கான எஞ்சின்) அறைகளில், நீராவியின் இரண்டு உறிஞ்சல் கோடுகளை ஒப்பிட்டு வெப்பநிலையைக் கணிப்பதும் இதே முறைதான். பாய்லருக்கு அவ்வளவு வேகம் வேண்டியதில்லை.

எங்களைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. பொட்டாசியம் மிகுந்த நார்ச்சாம்பல் சிர்கோனியாவின் வடிகட்டியில் பசைபோல் அப்பிக்கொள்ளும். அதைத் துடைக்க உணரியையே வெளியே உருவ வேண்டும். சூடும் குளிர்ச்சியும் திடீரென மாறினால் பீங்கான் செல் விரிசல் விடும். லேசரில் புகையை எதிர்கொள்பவை இரண்டு கண்ணாடிச் சாளரங்கள் மட்டுமே. வந்து சேரும் ஒளியின் சதவீதம் திரையில் இறங்கத் தொடங்கியதும் வால்வை மூடி, கருவியைக் கழற்றி, சாளரத்தை ஆல்கஹாலால் துடைத்து மாட்டிவிடலாம். பாய்லரை நிறுத்த வேண்டியதில்லை.

சாளரத்தைக் காக்க ஊதும் வாயுவில்தான் கவனம் வேண்டும். சாதாரணக் காற்றை ஊதினால் அதிலுள்ள 21 விழுக்காடு ஆக்சிஜனும் லேசரின் வழியில் சேர்ந்துகொள்ளும். புகையைவிடக் குளிர்ந்து அடர்ந்திருப்பதால், குறுகிய குழாயில் நிற்கும் அந்தக் காற்றே அளவைப் பெரிதும் உயர்த்திவிடும். ஆகவே நைட்ரஜன் ஊதுகிறோம். சிலிண்டர்கள் கிள்ளானிலிருந்து வர வேண்டியிருப்பதால், இந்தத் தொடர் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். கருவியைத் தூசுபிரிப்பானுக்குப் பின்னால் வைப்பது நல்லது. முன்னால் வைத்தால் அடர்ந்த சாம்பல் ஒளியை மறைத்துவிடும்.

எங்கள் கருவி இன்னும் புதிது என்பதால், இந்த வெக்கையில் டையோடு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை அனுபவத்திலிருந்து சொல்ல எனக்குக் காலம் போதவில்லை. நைட்ரஜனுக்கு வழியில்லாத சிறிய ஆலைகள் சிர்கோனியாவிலேயே தொடரலாம். கார்பன் மோனாக்சைடை மட்டும் அளக்க விரும்புவோர் தயங்காமல் லேசரை வாங்கலாம். அதற்குத் தூய காற்றை ஊதினாலே போதும்.