ஹட்டனில் ஒரு ஸ்டூடியோ: எட்டுப் படமும் அவற்றின் பின்பக்கமும்

பதினோராம் தரத்தை முடிக்கப்போகும் மகள், தோழிகளுக்குக் கொடுக்கப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். "எல்லார்கிட்டயும் என் போட்டோ போன்ல இருக்கேப்பா" என்றாள் அவள். ஆனாலும், சென்ற ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் புகையிரத நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் வரும் மாடி ஸ்டூடியோ ஒன்றுக்கு அவளை அழைத்துப் போனேன். கண்ணாடியும் நூலில் கட்டிய சீப்பும் பவுடர் டப்பாவும் இன்னும் அங்கே இருக்கின்றன. தாமரைக் குளம் வரைந்த பழைய திரையை மட்டும் சுருட்டி மூலையில் சாத்திவைத்திருக்கிறார்கள்.

1990களின் இறுதியில் நாங்கள் படித்தபோது, நண்பர்களுக்கென்று தனியாகப் படம் எடுத்தவர்கள் வகுப்பில் இரண்டு மூன்று பேர்தான். தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகளான மற்றவர்கள் கைமாற்றிக்கொண்டவை, அடையாள அட்டை விண்ணப்பத்துக்கு எடுத்து மிஞ்சிய கறுப்பு வெள்ளைப் படங்களே. ஆகவே, நண்பர்களோடு படம் கைமாற்றிக்கொள்ளும் இந்த வழக்கத்தைக் கைபேசி ஒன்றே அழித்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2017 முதல், பதிவுபெற்ற ஸ்டூடியோவே அடையாள அட்டைப் படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு இணையவழி அனுப்பிவிட்டு, நம் கையில் பற்றுச்சீட்டை மட்டும் தருகிறது. மிஞ்சுவதற்குப் படமே இல்லாதபோது பிள்ளைகள் எதைக் கொடுப்பார்கள்?

படம் பிடித்த தம்பி பொறுமைசாலி. அடையாள அட்டைக்குப் போல வாயை மூடி, காது தெரிய விறைப்பாக உட்கார்ந்த மகளிடம், "தங்கச்சி, இது கூட்டாளிகளுக்குத்தானே, சிரிங்க" என்று சொல்லி நான்கு முறை எடுத்தார். ஆனால் கணினியில் அவர் செய்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை. எங்களைக் கேட்காமலேயே முகத்தை இரண்டு மடங்கு வெளுப்பாக்கி, கன்னத்து மச்சத்தையும் அழித்துவிட்டார். எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள் என்பது அவருடைய விளக்கம். அது உண்மையாகவும் இருக்கலாம். மச்சம் இல்லாத படத்தைக் கொடுத்தால் இருபது வருடம் கழித்து யாருக்கு அடையாளம் தெரியும் என்று நான் கேட்டதும், முகம் சுளிக்காமல் பழையபடி மாற்றித் தந்தார்.

நான்குக்கு ஆறு அங்குலத் தாள் ஒன்றில், 35க்கு 45 மில்லிமீற்றர் அளவில் எட்டுப் படங்கள் அடங்குகின்றன. மை தெளிக்கும் சாதாரண அச்சுப்பொறியில் அல்லாமல், வெப்பத்தால் சாயத்தைத் தாளில் ஏற்றி, முடிவில் ஒளி ஊடுருவும் மேற்பூச்சு ஒன்றையும் இடும் இயந்திரத்தில் அச்சிடுகிறார்கள். ஈரம் பட்டாலும் இதன் நிறம் எளிதில் கசியாது. மாதக்கணக்கில் மழை விடாமல் பெய்யும் எங்கள் பக்கத்தில் இது சிறிய விடயமன்று. என்னிடமிருந்த பழைய படங்களில் நான்கு, ஈரத்தில் இளகி அல்பத்தின் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிப்போய், பிரிக்கும்போது முகத்தைப் பாதியாகப் பிய்த்துக்கொண்டு வந்தன.

என் பெரிய குறை படத்தின் பின்பக்கத்தைப் பற்றியது. படம் கைமாறுவதில் பாதிச் சுவை, பின்னால் எழுதப்படும் இரண்டு வரியில்தான் இருக்கிறது. "நாட்கள் நகரலாம், நட்பு நகராது" என்று எனக்கு எழுதித் தந்தவன் இப்போது எந்த நாட்டில் இருக்கிறான் என்பதுகூடத் தெரியாது. கையெழுத்து மட்டும் என்னிடம் இருக்கிறது. இங்கே தரும் தாளின் பின்புறமோ பிளாஸ்டிக்போல வழுவழுப்பாக இருப்பதால், மகளின் ஜெல் பேனை எழுதிய வேகத்திலேயே இழுபட்டு, முதல் படம் வீணானது. சீடிக்களில் எழுதும் மெல்லிய மார்க்கரால் எழுதி, ஒரு நிமிடம் காயவிட்டால் எழுத்து நிற்கிறது. நாங்கள் வீட்டில் கண்டுபிடித்த இதை, படத்தைக் கையில் கொடுக்கும்போது ஸ்டூடியோக்காரரே சொல்லியிருக்கலாம்.

கோழிச் சோற்றுப் பார்சல் ஒன்றின் விலைக்குள் எட்டுப் படமும் கிடைத்தன. காத்திருந்தது அரை மணி நேரம். வெளுப்பாக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவீர்களானால், தயங்காமல் போகலாம்.

மிஞ்சிய ஏழு படங்களையும் மகள் கொடுத்து முடித்துவிட்டாள். பதிலுக்குக் கையில் வந்தவை மூன்று; மற்ற நால்வரும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்களாம். வந்த மூன்றில் ஒன்றின் பின்னால், "இதை உன் அப்பாவிடம் காட்டு" என்று எழுதியிருந்தது.