முதல் தொகுப்பை யாரிடம் கொடுப்பது?

பன்னிரண்டு கதைகள் தேறிவிட்டன, நண்பர்களும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். புத்தகம் போட்டுவிடலாமா என்று மனசு அரிக்க ஆரம்பிக்கும் இடம் இது. இன்று தமிழில் அதற்கு மூன்று வழி உண்டு. இதழ்களில் எழுதி, அந்தப் பெயரோடு பதிப்பகத்துக்குப் போவது. கைக்காசு போட்டு அச்சிடுவது. பிரதிலிபி செயலி, அமேசானின் கிண்டில் மின்னூல் என்று திரையிலேயே வெளியிடுவது. மூன்றையும் தொட்டுப் பார்த்தவன் நான். இரண்டாவதில் அடிபட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு அக்டோபரில் என் கைப்பிரதியை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். இரண்டே நாளில் போன் வந்தது. "அருமையா இருக்கு சார், ஜனவரி புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துடலாம்." 144 பக்கம், 300 பிரதி, நான் கொடுக்க வேண்டியது 36,000 ரூபாய். இரண்டு நாளில் அவர் எப்போது படித்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் யாருக்குத்தான் தோன்றும்? புத்தகம் சொன்ன நேரத்துக்கு வந்தது, அட்டையும் அழகு. ஆனால் மூன்றாவது கதையில் மாமியார் தொடக்கத்தில் செல்லம்மா, நாலு பக்கம் தள்ளி ராசம்மா. அதைக் கண்டுபிடித்தவர் வெளியீட்டு விழாவில் பேச வந்தவர். மேடையிலேயே சொன்னார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பிரதிக்கு அடக்கம் 120 ரூபாய், விலை 200. கடைக்கு 35 சதவீதக் கழிவு போனால் கைக்கு வருவது 130. மிச்சம் 10 ரூபாய், அதுவும் விற்றால்தான். கூரியரும் விழாக் காப்பியும் இந்தக் கணக்கில் இல்லை.

இதனால் சொந்தப் பதிப்பே தப்பு என்று சொல்லவில்லை. எழுத்தாளர் சி.சு. செல்லப்பா தன் புத்தகங்களைத் தானே அச்சிட்டு, பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அவர் கடைசிக் காலத்தில் சொந்தமாக வெளியிட்ட ‘சுதந்திர தாகம்’ நாவலுக்குத்தான், அவர் மறைந்த பிறகு, 2001இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நான் செய்தது அந்த வேலை அல்ல. இன்னொருவர் முத்திரையைக் காசு கொடுத்து வாங்கினேன், அவ்வளவுதான். நிஜமான சொந்தப் பதிப்பு என்றால் மெய்ப்புப் பார்ப்பவரை நாமே பிடிக்க வேண்டும், பக்க வடிவமைப்புக்கும் நாமே ஆள் பார்க்க வேண்டும், பி.ஓ.டி., அதாவது வேண்டிய பிரதிகளை மட்டும் அச்சடித்துத் தரும் அச்சகத்தில் முதலில் 50 பிரதி போட்டுப் பார்க்க வேண்டும். புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொஞ்சம் உஷாராகுங்கள். இன்னொன்றும் உண்டு, பலர் செய்வதில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிடுபவர் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும். வெளியிடுபவர் நீங்கள் என்றால் அதுவும் உங்கள் வேலை.

அடுத்தது இதழ் வழி. பொறுமையைச் சோதிக்கும் வழி இதுதான். காலச்சுவடு, உயிர்மை, கணையாழி என்று அச்சிதழ்கள் ஒரு பக்கம், சொல்வனம், அரூ, வல்லினம் என்று இணைய இதழ்கள் இன்னொரு பக்கம். அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பதிலே வராமலும் போகும். பணம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் என் எழுத்தை முதன்முதலில் பென்சிலோடு படித்தவர் ஓர் இதழாசிரியர்தான். "கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்" என்று ஒரே வரி அனுப்பியிருந்தார். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் எடுத்துவிட்டுப் படித்தேன். கதை அதற்கு முன்பே முடிந்திருந்தது. 36,000 ரூபாய்க்குக் கிடைக்காத ஒரு வரி அது.

இப்படி ஏழெட்டுக் கதைகள் வெளிவந்த பிறகு பதிப்பகத்தின் கதவைத் தட்டினால், அங்கே உங்கள் பெயரை ஏற்கெனவே யாராவது பார்த்திருப்பார்கள். ராயல்டி, அதாவது விலையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு, பொதுவாகப் பத்து சதவீதம். 200 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் வரவு. அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் இன்னும் கொஞ்சம் கூடும். வாய்ப்பேச்சோடு மட்டும் விட்டுவிடாதீர்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, எழுதிக் கையெழுத்துப் போடாத உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். மாற்றி வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பதிப்பாளர் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். இந்த மூன்று விஷயமும் தெரிந்திருந்தாலே பாதித் தகராறு வராது.

திரை வழி இதற்கு நேர் எதிர். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் காலையில் கருத்துகள் வந்துவிடும். பிரதிலிபியில் தொடர்கதைக்குத்தான் மவுசு. சின்னச் சின்ன அத்தியாயம், ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு கொக்கி. குடும்ப நாவல் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் தெரியவில்லை. அதைத் தாழ்வாக நினைப்பவர்கள் இதையெல்லாம் படித்துப் பார்க்காதவர்கள். ஆனால் என்னைப் போலச் சிறுகதை எழுதுகிறவனுக்கு அங்கே கிடைத்தது ஐந்து நட்சத்திரமும் "சூப்பர் சகோ"வும் மட்டுமே. செல்லம்மா ராசம்மா ஆனதை அங்கேயும் யாரும் சொல்லவில்லை.

கிண்டிலில் பைசா செலவில்லை. ராயல்டி 35 சதவீதம். 70 வேண்டும் என்றால் இந்தியாவில் கேடிபி செலக்ட் என்ற கிண்டில் திட்டத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் 90 நாள் அந்தப் படைப்பு மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபியில் கிடக்கும் அதே கதைகளைத் தொகுத்து இதில் ஏற்றினால் சிக்கல். அதேபோல, முகநூலில் போட்ட கதையைக்கூட ‘ஏற்கெனவே வெளியானது’ என்று பல இதழ்கள் ஒதுக்கிவிடும். எனவே கதை எங்கே முதலில் போகிறது என்பதை யோசித்துச் செய்யுங்கள். திரையிலிருந்து இதழுக்குத் திரும்புவது கஷ்டம். இதழிலிருந்து திரைக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

சிறுகதைக்காரர் என்றால் இதழ், தொடர் எழுதுகிறவர் என்றால் திரை, ஊர் வரலாறோ குலசாமி கதையோ எழுதி வைத்திருப்பவர் என்றால் தாராளமாகச் சொந்தப் பதிப்பு. அந்த 50 பிரதியை வாங்கப்போகும் 50 பேர் யார் என்று அவருக்கே தெரியும். என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு இப்படித்தான் சொல்கிறேன். என் இரண்டாவது தொகுப்புக்கான கதைகளில் எட்டு இதழ்களில் வந்துவிட்டன, நாலு இன்னும் யாருடைய மின்னஞ்சலிலோ காத்திருக்கின்றன.

முதல் தொகுப்பில் நாற்பது பிரதி இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கிறது. யாராவது கேட்டால், மூன்றாவது கதையில் ராசம்மாவைப் பேனாவால் அடித்துச் செல்லம்மா என்று எழுதித்தான் கொடுக்கிறேன்.