ஹட்டன் மாடி பார் ரெஸ்டாரண்ட்: கணவாய்க்கு ஃபுல் மார்க், ஓடர் எடுத்த விதத்துக்கு முட்டை

இலங்கை மலையகத்து ஹட்டனில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, மாடியில் இருக்கிற கடை. பேர் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகிற குறையில் பாதிதான் கடையுடையது, மீதி சட்டத்துடையது.

சாப்பாடு முதலில். ஹொட் பட்டர் கணவாய் அருமை. மாவு மெல்லிசாக மொறுமொறுவென்று, எண்ணெய் சொட்டாமல், காய்ந்த மிளகாயும் வெங்காயத்தாளும் தாராளமாகப் போட்டு ஆவி பறக்க வந்தது. மலை ஏறி வந்த கணவாய் ரப்பராக இல்லாததே பெரிய விஷயம். டெவில் சிக்கன் சுமார், சோஸ் இனிக்கிறது. ஃப்ரைட் ரைஸ் வேண்டாம்.

இனி ஓடர் கதை. குளிருக்கு என் கணவர் டீ கேட்டார், நான் ஒரு லயன் பியர் கேட்டேன். வெயிட்டர் தம்பி என் பக்கம் திரும்பவே இல்லை. "சேர், லேடீஸுக்குக் குடுக்க ஏலாது, நீங்க சொல்லுங்க, கொண்டு வாறேன்" என்றார். போத்தலும் கிளாஸும் என் கணவர் முன்னால் இறங்கின, டீ எனக்கு. தம்பி அந்தப் பக்கம் போனதும் மாற்றிக்கொண்டோம்.

தம்பியைத் திட்டிப் பயனில்லை. தவறணையில், அதாவது மதுக்கடையில், பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்கிற விதி 1979இலிருந்து இருக்கிறது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார், சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திரும்பக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது சரி, அது எல்லாருக்கும் ஒன்று. ஆனால் நுவரெலியா பெரிய ஹோட்டலில் வெள்ளைக்காரம்மா வைன் கேட்டால் யாருக்கும் இந்த விதி ஞாபகம் வருவதில்லையே, அது எப்படி?

மது விற்கிற லைசன்ஸ் கதை இன்னும் கூத்து. அடிப்படைச் சட்டம் 1912ஆம் வருட மதுவரிக் கட்டளைச் சட்டம். பள்ளிக்கூடத்துக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் தள்ளி இருக்க வேண்டுமாம். நம் டவுன்களில் கோயில், விகாரை, பள்ளிவாசல், சர்ச், ஸ்கூல் எல்லாம் ஒரே ரோட்டில், சாப்பாட்டுக் கடைக்காரர் எங்கே போவார்? ஆள் பலம் இருந்தால் மட்டும் எல்லாம் நடக்கும் என்பது ஊர்ப் பேச்சு. 2024இல் கொடுத்த லைசன்ஸ் பட்டியலை அந்த டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைத்தபோது பேச்சு இன்னும் கூடியது. என்னைக் கேட்டால், போத்தல் கடைகளைக் குறைத்துவிட்டு, மேசை போட்டுச் சாப்பாட்டோடு பரிமாறுகிற இடங்களுக்கு பியர், வைன் லைசன்ஸைக் குறைந்த கட்டணத்தில் கொடுக்கலாம். சம்பள நாளில் வைன் ஸ்டோர்ஸ் பக்கத்துச் சந்தில் கால் போத்தலை வெறும் வயிற்றில் ஊற்றிக்கொண்டு தோட்டத்து லயன் வீட்டுக்குத் தள்ளாடிப் போகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குடிக்கவே விடக்கூடாது என்பவர்கள் கசிப்பு என்கிற கள்ளச்சாராயத்தையும் சேர்த்து யோசிக்கட்டும்.

சரி, கடைக்கு வருவோம். பில்லில் 10% சேர்விஸ் சார்ஜ் உண்டு. லேடீஸ் டொய்லட் சுத்தம், கதவுக் கொண்டிதான் ஆடுகிறது. ஜன்னல் பக்க மேசை வேண்டுமென்றால் ஏழு மணிக்கு முன்னால் போங்கள். போயா (பௌர்ணமி) அன்று பார் பூட்டு, சாப்பாடு மட்டும்தான்.