ஒலிவ இலை என்று வாங்கினோம், அம்மாவின் பிரஷர் 190-ஐத் தொட்டது

போன மாசம் மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச ஆரோக்கிய முகாம் என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார்கள். அம்மாவுக்கு 67 வயது. ஒன்பது வருஷமாக பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம், காலையில் ஒன்று. அடுத்த வீட்டுச் சித்தியோடு முகாமுக்குப் போனார். மதியம் எனக்குப் போன் வந்தது. "மக்களே, ஒரு நம்பர் சொல்லுகேன், 4,000 ரூபா ஜிபே பண்ணு." வேலை நேரம். எதற்கு என்றுகூடக் கேட்காமல் அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மேஜையில் மூன்று பச்சை பாக்கெட். காய வைத்து நறுக்கிய ஒலிவ இலை, அதாவது ஆலிவ் மரத்து இலை, ஒவ்வொன்றும் 200 கிராம். இஸ்ரேலிலிருந்து வந்ததாம். நோவாவின் புறா கொத்திக்கொண்டு வந்த இலை என்று மேடையில் சொல்லியிருக்கிறார்கள். ஜனங்களின் ஆரோக்கியத்துக்கான இலை என்று வேதத்திலேயே இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த வசனம் ஜீவவிருட்சத்தைப் பற்றியது, ஒலிவ மரத்தைப் பற்றியதல்ல. ஐம்பது வருஷமாக வேதம் வாசிக்கிற அம்மாவுக்கு அது தெரியாததல்ல. ஆனால் மைக்கைப் பிடித்து, "அம்மா, அம்மா" என்று பாசமாகக் கூப்பிட்டு ஒருவர் சொல்லும்போது யாருக்குத்தான் எதிர்த்துக் கேட்கத் தோன்றும்?

நானும் அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது, ஏனென்றால் ஒலிவ இலையைப் பற்றிய விஷயம் பொய்யல்ல. அதில் ஒலியுரோப்பீன் என்று ஒரு பொருள் இருக்கிறது. மரம் பூச்சியிடமிருந்தும் கிருமியிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்குவது. நம் உடம்புக்குள் போனால் அது உடைந்து ஹைட்ராக்சிடைரோசால் என்ற இன்னொரு பொருளைக் கொடுக்கும். அது நல்ல ஆன்டி-ஆக்ஸிடன்ட். இந்தோனேசியாவில் ஆரம்பக்கட்ட பிரஷர் உள்ளவர்களுக்கு இலைச்சாற்றை 500 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, எட்டு வாரம் கொடுத்து, கேப்டோபிரில் என்ற மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2011-இல் அந்த முடிவு வெளிவந்தது. பிரஷரின் மேல் அளவு சராசரியாக 11 புள்ளிக்கு மேல் இறங்கியது, கிட்டத்தட்ட மாத்திரைக்குச் சமமாக. நியூசிலாந்தில் எடை கூடிய 46 ஆண்களை வைத்து 12 வாரம் செய்த சோதனையில் உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படும் தன்மை 15 சதவீதம் கூடியது. இதெல்லாம் உண்மை. இந்த உண்மையைத்தான் அவர்கள் தூண்டில் புழுவாகக் கோர்த்திருந்தார்கள்.

அந்தச் சோதனைகளில் கொடுத்தது வெந்நீரில் போட்ட இலை அல்ல. ஒலியுரோப்பீன் இவ்வளவு என்று அளந்து செய்த சாறு. கொடுத்த பிறகும் டாக்டர்கள் பக்கத்திலிருந்து கவனித்தார்கள். எங்கள் பாக்கெட்டில் ஒலியுரோப்பீன் என்ற பெயரே இல்லை. அதை அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

அம்மா தினமும் இரண்டு வேளை டீ போட்டுக் குடித்தார். மூன்றாம் நாள், "கசப்பே இல்லை மக்களே, லேசாத் துவர்க்குது, குடிக்க சொகமா இருக்கு" என்றார். எனக்கும் சந்தோஷம். அவர்களிடம் போனில் கேட்டபோது, "கசப்பை நாங்களே எடுத்துவிட்டோம், வயசானவங்க குடிக்கணுமில்லையா" என்று பதில் வந்தது. சரி, நல்லதுதான் என்று விட்டுவிட்டேன். ஒலியுரோப்பீனே கசப்புதான் என்பது பிறகுதான் புரிந்தது. பச்சை ஒலிவக்காயை மரத்திலிருந்து பறித்து அப்படியே தின்ன முடியாததற்கு அதுதான் காரணம். உப்புநீரிலோ காரச் சோடாக் கரைசலிலோ ஊறப்போட்டு அதை நீக்கிய பிறகுதான் காயையே சாப்பிடுகிறார்கள். கசப்பை எடுத்துவிட்டால் இலையில் மருந்து என்று சொல்ல என்ன மிஞ்சும்?

பதினைந்து நாள் குடித்தபின் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று முகாமில் சொன்னதை அம்மா எங்களிடம் சொல்லவில்லை. அவராகவே நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்தவர் பிடரி வலிக்கிறது, தலை கனக்கிறது என்று வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 190-க்கு 110. இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். பக்கவாதம் வராமல் தப்பியது கடவுள் கிருபை. டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: "அசல் ஒலிவ இலையா இருந்தாலும் எங்கிட்ட கேக்காமக் குடிக்கக் கூடாது. பிரஷர் மாத்திரையோடயோ சுகர் மாத்திரையோடயோ சேர்ந்தா அளவுக்கு மேல இறக்கிடலாம்."

வீட்டுக்கு வந்ததும் ஒரு பிடி இலையை வெள்ளைப் பீங்கான் தட்டில் வெந்நீர் ஊற்றி ஊறப்போட்டேன். சுருண்டிருந்த துண்டுகள் மெல்ல விரிந்தன. பெரிய துண்டுகளின் ஓரத்தில் ரம்பம்போல சின்னச் சின்னப் பற்கள். ஒரு துண்டு செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. எங்கள் ஊரில் கல்லூரியில் தாவரவியல் எடுத்து ஓய்வுபெற்ற ஒரு சார் இருக்கிறார். தட்டோடு அவரிடம் கொண்டு போனேன். லென்ஸ் வைத்து ஒவ்வொரு துண்டாகப் புரட்டினார். ஒலிவ இலை ஒடுங்கி ஈட்டிபோல இருக்கும், ஓரம் வழவழவென்று இருக்கும், பல் கிடையாது. மேலே கரும்பச்சை, அடியில் நுண்ணிய செதில்கள் மூடி வெள்ளி பூசியதுபோல் வெளுத்திருக்கும் என்றார். இதில் ஒரு துண்டின் அடியிலும் அந்த வெளுப்பு இல்லை. மலையாளத்தில் காரக்கா என்று சொல்வார்களே, உப்பிலிட்டு விற்பது, அந்த மரத்தின் இலைபோல இருக்கிறது என்றார். அதற்கு சிலோன் ஆலிவ் என்றும் பெயர் உண்டு. ஆனால் அது வேறு குடும்பம், ஒலிவத்துக்கு உறவே இல்லை. "நறுக்கின துண்டை வச்சு என்ன மரம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஒலிவம் இல்லைன்னு அடிச்சுச் சொல்லுவேன்" என்றார்.

போன் செய்தேன். முதல் தடவை ஏற்றுமதித் தரம் என்றார்கள். இரண்டாவது தடவை துண்டித்தார்கள். அப்புறம் அந்த நம்பர் வேலை செய்யவே இல்லை.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 14 இலக்க உணவு உரிமம் எண் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை. பில்லும் தரவில்லை. ஆனால் ஜிபேயில் பணம் போன விவரம் என்னிடம் இருக்கிறது. அதையும் நோட்டீஸையும் பிரிக்காத ஒரு பாக்கெட்டையும் வைத்து நாகர்கோவிலில் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தேன். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே தடுக்கிற சட்டம் 1954 முதல் நம் நாட்டில் இருக்கிறது. அந்த நோட்டீஸில் இரண்டும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன.

முகாமில் அம்மாவுக்குப் பக்கத்தில் கருங்கல் பக்கமிருந்து வந்த ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாராம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். ஐந்து பாக்கெட் வாங்கினாராம். பெயரோ வீடோ அம்மாவுக்குத் தெரியவில்லை, தினமும் அவரை நினைத்து வருத்தப்படுகிறார். உங்கள் வீட்டில் பச்சை பாக்கெட்டில் நறுக்கிய ஒலிவ இலை இருந்தால், முதலில் வீட்டுப் பெரியவரின் மாத்திரை டப்பாவைத் திறந்து எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.