திறந்த சந்தையா, வரிச்சுவரா? தஞ்சோங் மாலிமிலிருந்து ஓர் ஒப்பீடு

நாடு சந்தையைத் திறந்துவிடுவதா, இறக்குமதிக்கு வரி போட்டு உள்ளூர்த் தொழிலைக் காப்பதா, எதில் நமக்கு வேலை கிடைக்கும் என்று தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள். மலேசியாவில் எங்கள் தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் இரண்டுக்கும் சாட்சி உண்டு: ஒருபுறம் செம்பனை, மறுபுறம் புரோட்டோன் கார் தொழிற்சாலை.

வேலை
திறந்த வணிகம்: செம்பனை எண்ணெயின் பெரும்பகுதி வெளிநாடுகளுக்கே போகிறது. 2020 ஜனவரியில் இந்தியா சுத்திகரித்த செம்பனை எண்ணெய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அடுத்தவர் எழுப்பும் சுவர் நம் ஆலையைத்தான் முதலில் தாக்குகிறது. ஆனால் இன்று குலை வெட்டுபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஏற்றுமதி பெருகியும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான நம் லயங்கள் காலியாயின. அந்த வலி எனக்கு இன்னும் ஆறவில்லை.
பாதுகாப்பு: 1983இல் பிறந்த புரோட்டோன், இறக்குமதிக் கார்கள் மீதான உயர்ந்த வரியின் நிழலில்தான் வளர்ந்தது. உதிரிபாகம் செய்யும் உள்ளூர் நிறுவனங்களும் கூடவே தழைத்தன.

விலை
திறந்த வணிகம்: இறக்குமதியாகும் சட்டையும் செருப்பும் மலிவு, ஊர்த் தையல்காரருக்கு அடி.
பாதுகாப்பு: இறக்குமதிக் கார் வரியின் சுமை கார் வாங்கும் தொழிலாளி தலையில்.

நிலைப்பு
பாதுகாப்பு மட்டும் போதவில்லை. 2017இல் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கு சீனாவின் ஜீலி கார் நிறுவனத்திடம் போனது.

எண்ணெய் ஆலையை நம்பும் குடும்பத்துக்குத் திறந்த சந்தையே பொருந்தும். தொழிற்பயிற்சி முடித்துத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைக்குக் காலவரம்புள்ள பாதுகாப்பு வேண்டும். தையல் கடைக்கோ, 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இணைய இறக்குமதிப் பொருள்கள் மீது 2024 ஜனவரி முதல் விதிக்கப்படும் 10 விழுக்காட்டு வரி சிறு துணை.